கேபிளைக் கழற்றியும் ரேடியோ செத்தது ஏன்? இடியும் எர்த்தும் ஹாம் நிலையமும்

கேள்வி: ஹாம் (அமெச்சூர்) ரேடியோவுக்காக மொட்டை மாடியில் 40 மீட்டர் அலைநீளத்துக்கான டைபோல் (கம்பி) ஆன்டெனாவும், ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் உச்சியில் 2 மீட்டர் அலைநீளத்துக்கான வெர்ட்டிகல் (நிமிர்ந்த) ஆன்டெனாவும் வைத்திருக்கிறேன். சுமார் 50 மீட்டர் தள்ளியிருக்கும் தென்னையில் இடி விழுந்தது. டைபோலுக்குப் போகும் எச்.எஃப். கேபிளை முன்பே கழற்றி மேசைக்குப் பின்னால் போட்டிருந்தேன். வெர்ட்டிகலுக்குப் போகும் வி.எச்.எஃப். கேபிளை மட்டும், சின்ன ஆன்டெனாதானே என்று விட்டுவிட்டேன். ரேடியோவுக்கென்று தனி எர்த் குழியும் இருக்கிறது. இப்போது வி.எச்.எஃப். ரிசீவ் செத்துவிட்டது, ரேடியோவின் யூ.எஸ்.பி. போர்ட்டும் ரௌட்டரின் லேன் போர்ட்டும் போய்விட்டன. எச்.எஃப். மட்டும் நன்றாக இருக்கிறது. எங்கே தவறு? இனி என்ன செய்ய வேண்டும்?

பதில்:

பாதுகாப்புக்கென்று நீங்கள் போட்ட அந்தத் தனி எர்த் குழிதான் முதல் குற்றவாளி. கேபிளை விட்டது இரண்டாவதுதான்.

தென்னையில் இறங்கிய மின்னோட்டம் மரத்தடியிலேயே காணாமல் போவதில்லை. மண்ணுக்குள் நாலாபக்கமும் பரவும். பரவும்போது மண்ணின் மின்னழுத்தம் மரத்தடியில் மிக அதிகமாகவும், தள்ளிப் போகப் போகக் குறைந்தும் இருக்கும். மின்னலின் முதல் வெட்டில் 30 கிலோ ஆம்பியர் என்பது சராசரியான மின்னலுக்கே உரிய அளவு. மண்ணின் மின்தடைமை 100 ஓம்-மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஈரமான நல்ல மண் இது. மரத்திலிருந்து 50 மீட்டரில் தரை சுமார் 9,500 வோல்ட்டுக்கு ஏறும். 60 மீட்டரில் சுமார் 8,000 வோல்ட்டுக்கு. உங்கள் ரேடியோ எர்த் வீட்டின் ஒரு பக்கத்திலும், மீட்டர் பெட்டியின் எர்த் மறுபக்கத்திலும் இருந்து, இடையே 10 மீட்டர் இருந்தால், இரண்டு குழிகளுக்கும் நடுவே ஆயிரத்தைந்நூறு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம். செம்மண், பாறை கலந்த மண் என்றால் இது பல மடங்கு கூடும்.

அந்த இரண்டு குழிகளும் எங்கே சந்திக்கின்றன? உங்கள் மேசைமேல். ஒன்று ரேடியோவின் பின்பக்க எர்த் திருகில் வந்து நிற்கிறது. மற்றது மூன்று பின் பிளக்கின் பச்சை வயர் வழியாகக் கம்ப்யூட்டரின் உடம்புக்கு வருகிறது. இரண்டையும் இணைப்பது மெல்லிய யூ.எஸ்.பி. கேபிள் ஒன்றுதான். 3.3 வோல்ட்டில் ஓடும் சில்லு அதைத் தாங்குமா?

லேன் போர்ட் போனதற்கு வேறு காரணம். ஹாலில் இருக்கும் ரௌட்டருக்குப் போகும் லேன் கேபிளும், அதே ஹாலுக்குப் போகும் கரண்ட் வயரும் சேர்ந்து வீட்டைச் சுற்றி ஒரு பெரிய வளையத்தை உண்டாக்குகின்றன. மின்னலின் காந்தப்புலம் அந்த வளையத்தை வெட்டும்போது அதில் மின்னழுத்தம் தூண்டப்படும். மைக்ரோ செகண்டுக்கு 15 கிலோ ஆம்பியர் என்ற வேகத்தில் ஏறும் மின்னோட்டம், 50 மீட்டர் தூரத்தில், 20 சதுர மீட்டர் வளையத்தில் சுமார் 1,200 வோல்ட்டை உண்டாக்கும். அடுத்தடுத்து வரும் வெட்டுகள் இன்னும் வேகமாக ஏறுபவை. லேன் போர்ட்டில் இருக்கும் குட்டி டிரான்ஸ்பார்மர் 1,500 வோல்ட் வரை பிரித்து வைக்கத்தான் செய்யப்பட்டது. அதற்கு மேல் அது கைவிட்டுவிடும். எந்தக் கேபிளும் எதையும் தொடாமலேயே இது நடக்கும்.

வி.எச்.எஃப். கதை எளிது. அனுப்புவதற்கும் வாங்குவதற்கும் இடையே மாற ரேடியோவுக்குள் பின் (PIN) வகை டயோடுகள் இருக்கும். அவற்றை அடுத்து முதல் ஆர்.எஃப். டிரான்சிஸ்டர். சில பத்து வோல்ட் மிகுந்தாலே இவை போய்விடும். டிரான்ஸ்மிட் நன்றாக இருந்து ரிசீவ் மட்டும் காது அடைத்ததுபோல் ஆனால் முதல் சந்தேகம் இந்த இடம்தான். எச்.எஃப். தப்பியது நீங்கள் கழற்றியதால். ஆனால் மேசைக்குப் பின்னால் போட்டது அதிர்ஷ்டத்தை நம்பிய காரியம். அதைப் பற்றிக் கீழே.

ஆக, கருவியைக் கொல்வது மின்னழுத்தம் ஏறுவது அல்ல, ஒரு வயரில் ஏறி இன்னொரு வயரில் ஏறாமல் இருப்பது. குளத்தில் தண்ணீர் ஏறினால் தாமரையும் கூடவே ஏறும்; ஒன்றும் ஆகாது. தண்டைக் கீழே கட்டிப் போட்டால்தான் முழுகும். உங்கள் ரேடியோ, கம்ப்யூட்டர், ரௌட்டர் எல்லாம் ஒரே தரையோடு சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்க வேண்டும். இனிச் சொல்வதெல்லாம் இதற்கான வேலைதான்.

முதல் வேலை, இரண்டு எர்த் குழிகளையும் இணைப்பது. 'ரேடியோ எர்த்தை ஈ.பி. எர்த்தோடு சேர்த்தால் இரைச்சல் வரும், இடி உள்ளே வரும்' என்று சொல்லிப் பலர் பிரித்தே வைத்திருக்கிறார்கள். தவறான பாடம். இரைச்சலுக்கு, கேபிளில் மாட்டும் ஃபெரைட் வளையம் இருக்கிறது. வீட்டுக்கு வெளியே, சுவர் ஓரமாக, தரையில் அரை மீட்டர் ஆழத்தில் 25×3 மில்லிமீட்டர் ஜி.ஐ. பட்டையை ஓட்டி, ஒரு குழியிலிருந்து மறு குழிக்குக் கொண்டு போங்கள். செம்பு வயர் போடுவதானால் குறைந்தது 16 சதுர மில்லிமீட்டர். மீட்டர் பெட்டிப் பக்கத்து இணைப்பை லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் விடுங்கள். அவர் 'நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துவிடலாமா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சொந்தக் குழியை மட்டும் நம்பி ஓடும் வீடுகளில் அது ஆபத்து, எர்த் கசிவில் மின்சாரத்தை வெட்டும் ஆர்.சி.சி.பி.யும் நிற்காது.

குழி எப்படி இருக்க வேண்டும்? இந்தியத் தர விதியான ஐ.எஸ். 3043 சொல்வது குறைந்தது 2.5 மீட்டர் நீளமுள்ள ஜி.ஐ. பைப், சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி. 100 ஓம்-மீட்டர் மண்ணில் 40 மில்லிமீட்டர் பைப் ஒன்று சுமார் 33 ஓம் தரும். பைப்பின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் 29 ஓம், காசுக்குக் கேடு. அதற்குப் பதில் 5 மீட்டர் தள்ளி இன்னொரு பைப் இறக்கினால் கிட்டத்தட்டப் பாதியாகும். நீளத்தைப் போல் இரு மடங்கு இடைவெளி வேண்டும் என்பது இதற்காகத்தான். பக்கத்தில் பக்கத்தில் நட்டால் ஒரே மண்ணையே இரண்டும் பங்குபோடும். உப்பும் கரியும் அடுக்கடுக்காகப் போடும் பழைய முறை தடையைக் குறைக்கும், பைப்பையும் அரிக்கும். பென்டோனைட் களிமண் போட்டால் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அரிக்காது. எந்தக் குழியாக இருந்தாலும் சித்திரை வெயிலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது நல்லது; முதல் கோடை இடி மண் காய்ந்து கிடக்கும்போதுதான் வரும்.

ஒரு ஓம் வரவில்லையே என்று தூக்கம் கெட வேண்டாம். 20 கிலோ ஆம்பியர் நேரடியாக இறங்கினால் 5 ஓம் குழியிலும் ஒரு லட்சம் வோல்ட் ஏறும். எல்லா வயரும் அதோடு சேர்ந்து ஏறுகிறதா என்பதே கேள்வி.

மாடியிலிருந்து குழி வரை இறங்கும் வயரைப் பற்றிப் பலருக்கும் ஒரு மயக்கம் இருக்கிறது. தடிமனான வயர் என்றால் தடை குறைவு, எனவே பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். மின்னலுக்குத் தடை ஒரு பொருட்டே இல்லை, தூண்டல்தான் பொருட்டு. நேரான வயர் மீட்டருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோஹென்றி. 10 மீட்டர் இறக்கத்தில், மேலே சொன்ன அதே வேகத்தில், ஒன்றரை லட்சம் வோல்ட் விழும். வயரைத் தடிமனாக்கினால் இது அதிகம் குறையாது. அகலமான பட்டையாக்கினால் குறையும். இரண்டு மூலைகளில் இரண்டு பட்டையாக இறக்கினால் இன்னும் குறையும். வளைவுகள் 20 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆரத்தில் இருக்கட்டும். சுவர் மூலையில் தொண்ணூறு டிகிரிக்கு அடித்து மடக்கிய பட்டையிலிருந்து மின்னல் பக்கத்து ஜன்னல் கம்பிக்குத் தாவும். இணைப்புகளை ஈயப் பற்று வைத்து மட்டும் விடாதீர்கள், உருகிவிடும். போல்ட்டு, கிளாம்பு போட வேண்டும். செம்பும் ஜி.ஐ.யும் நேரடியாகத் தொட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் துத்தநாகம் தின்னப்பட்டுவிடும். நடுவே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாஷர் வைத்து, மேலே கிரீஸ் பூசுங்கள்.

ஆன்டெனாவைத் தாங்கும் மாஸ்ட் பைப்பின் அடியைப் பட்டையோடு போல்ட்டு போடுங்கள். கோஆக்ஸ் (ஆன்டெனா) கேபிளில் உள் கம்பியைச் சுற்றி ஓடும் வெளிச்சுற்றை மாஸ்ட்டின் உச்சியிலும் அடியிலும் பைப்போடு இணையுங்கள். கேபிள் மாடியிலிருந்து நேராக ஜன்னலுக்குள் நுழையக் கூடாது. தரை மட்டம் வரை இறங்கி, அங்கே எர்த் பட்டைக்கு அருகில் உள்ளே வரட்டும். அறை முதல் மாடியில் என்றால் இது முழுமையாக நடக்காது. அப்போது நுழைவிடத்தில் தட்டை வைத்து, அதிலிருந்து அகலமான பட்டையை நேராகக் கீழே இறக்குங்கள். தரைத்தளத்தில் கிடைக்கும் பாதுகாப்பு இதில் கிடைக்காது. அந்தக் குறையைக் கழற்றும் பழக்கத்தால்தான் ஈடுகட்ட வேண்டும்.

தட்டு என்றேனே, அதுதான் இந்த ஏற்பாட்டின் இதயம். 30×30 சென்டிமீட்டர், 3 மில்லிமீட்டர் தடிமன் அலுமினியத் தகடு போதும். வீட்டுக்குள் ரேடியோ அறைக்கு வரும் ஒவ்வொரு வயரும், ஆன்டெனா, கரண்ட், லேன், ரோட்டேட்டர் (ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டார்) என்று எதுவானாலும், இந்தத் தட்டைத் தொட்டுவிட்டுத்தான் மேசைக்குப் போக வேண்டும். மிகை மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பும் கோஆக்ஸ் அரெஸ்டர்களைத் தட்டிலேயே திருகுங்கள். மேசைக்கு ஒரே ஒரு பல்முனை சாக்கெட் போர்டு. அதன் எர்த்தும் தட்டில். கம்ப்யூட்டரை வேறு சுவரின் சாக்கெட்டில் செருகினீர்கள் என்றால் இவ்வளவும் வீண்.

அரெஸ்டருக்குள் இருக்கும் வாயுக் குழாயைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். 100 வாட், 50 ஓம் என்றால் கேபிளில் உச்ச மின்னழுத்தம் 100 வோல்ட். ஆன்டெனா கேபிளோடு எவ்வளவு பொருந்தவில்லை என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். 3 ஆனால் சில இடங்களில் 150. 230 வோல்ட் குழாய் 20 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம், அதாவது 184-இலேயே மூட்டிக்கொள்ளலாம் (மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கலாம்), அப்போதும் போதும். 400 வாட் என்றால் அதே கணக்கில் 300 வோல்ட். 350 வோல்ட் குழாய் 280-இல் மூட்டிக்கொண்டால் உங்கள் சொந்த டிரான்ஸ்மிஷனையே குறுக்கிடும். 470-க்குப் போங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: வேகமாக ஏறும் அலையில் 230 வோல்ட் குழாய் அறுநூறு, எழுநூறு வோல்ட் வரை ஏறிய பிறகே மூட்டிக்கொள்ளும். பின் டயோடு அதற்குள் போயிருக்கலாம். அரெஸ்டர் போட்டுவிட்டோம், கேபிள் மாட்டியே இருக்கட்டும் என்று இருக்கக் கூடாது.

2 மீட்டருக்கு இதைவிட மலிவான, நல்ல வழி ஒன்று உண்டு: கால் அலைத் துண்டு. தட்டுக்கும் ஆன்டெனா கேபிளுக்கும் நடுவே ஒரு டி-கனெக்டர். அதன் மூன்றாவது வாயில், மறுமுனையில் உள் கம்பியும் வெளிச்சுற்றும் பற்றவைத்து மூடிய ஒரு துண்டு ஆர்.ஜி.213 கோஆக்ஸ். 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2.07 மீட்டர்; கால் பங்கு 51.7 சென்டிமீட்டர், கேபிளுக்குள் அலை மெதுவாகப் போவதால் அதன் வேகக் காரணி 0.66-ஆல் பெருக்கினால் 34 சென்டிமீட்டர். டி-யின் நடுவிலிருந்து அளக்க வேண்டும். 145-இல் இது இருப்பதே தெரியாது. 435 மெகாஹெர்ட்ஸ் சரியாக மூன்று மடங்கு என்பதால் அங்கும் தெரியாது. மின்னலின் ஆற்றல் பெரும்பாலும் ஒன்றிரண்டு மெகாஹெர்ட்ஸுக்குள் இருப்பது. 1 மெகாஹெர்ட்ஸில் இந்தத் துண்டு அரை ஓம்தான், ஏறக்குறைய ஷார்ட். மூட்டிக்கொள்ளக் காத்திருக்க வேண்டியதே இல்லை. வெட்டும் விதம்: 38 சென்டிமீட்டர் எடுத்து, ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு (50 ஓம் சுமை) மாட்டி, 1 வாட்டில் அனுப்பிக்கொண்டே 34-ஐ ஒட்டி ஒரு குண்டூசியை உறைக்கு மேலிருந்து உள் கம்பி வரை குத்துங்கள். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் கீழே விழும் இடம் தெரியும் வரை சில மில்லிமீட்டர் இப்படி அப்படித் தள்ளிப் பாருங்கள். விழுந்த இடத்தில் வெட்டிப் பற்றவையுங்கள். எச்.எஃப். பல அலைவரிசை ஆன்டெனாவுக்கு இது உதவாது.

டைபோலில் காற்றும் மழையும் சேர்க்கும் நிலைமின்னையும் மறக்கக் கூடாது. இடியே இல்லாமல் ரிசீவரைத் தின்னும் பூச்சி அது. கேபிளின் உள் கம்பிக்கும் வெளிச்சுற்றுக்கும் குறுக்கே 100 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று. 100 வாட்டில் அதில் விரயமாவது ஒரு வாட்டில் இருபதில் ஒரு பங்குதான். டைபோலின் நுனியைத் தென்னையில் கட்டியிருந்தால் அவிழ்த்து வேறு இடம் பாருங்கள். சுற்றுவட்டாரத்தில் இடி முதலில் தேடிப் போகும் மரத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு ஒரு கம்பி இழுத்துக் கொடுத்ததுபோல் ஆகும். நனைந்த நைலான் கயிறு தடுப்பு ஆகாது.

கரண்ட் பக்கத்துக்கு மெயின் போர்டில் டைப் 2 எஸ்.பி.டி. (திடீர் மிகை மின்னழுத்தத்தைத் தடுக்கும் கருவி) ஒன்று. நம் மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் தொடர் இயக்க அளவு 320 வோல்ட் உள்ளதை வாங்குங்கள். 275 போட்டால் இடியே இல்லாமல் ஒரு நாள் வெந்துபோகும். சொந்தக் குழியை நம்பும் வீட்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வேரிஸ்டர் (மின்னழுத்தம் மிகுந்தால் கடத்தும் உறுப்பு), நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வாயுக் குழாய் என்ற அமைப்பு வேண்டும், ஆர்.சி.சி.பி.க்கு முன்னால் மாட்ட வேண்டும். இரண்டு பக்க வயர்களும் சேர்ந்து அரை மீட்டரைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன தூண்டல் கணக்கு இங்கேயும் உண்டு. போர்டுக்குள் அழகாகச் சுற்றி வைத்த ஒரு மீட்டர் வயர் எஸ்.பி.டி.யையே செல்லாக்காசு ஆக்கிவிடும்.

லேனுக்கு ஒரே மருந்து, அதை எடுத்துவிடுவது. மேசைக்கு வைஃபை, அல்லது மீடியா கன்வெர்ட்டர் வைத்துக் கண்ணாடி இழை. ரேடியோ-கம்ப்யூட்டர் யூ.எஸ்.பி.க்கு, மின்தொடர்பைப் பிரிக்கும் ஐசொலேட்டர் வைக்கலாம். தட்டு சரியாக இருந்தால் அதன் தேவை குறைவு. இழை இணைப்பில் ஒரு சூது: தெருவிலிருந்து வரும் கறுப்புக் கேபிளின் முதுகில் எஃகுக் கம்பி ஒன்று ஓடும். பொருத்த வருபவர் அதை ஜன்னல் கிரில்லில் முறுக்கிவிட்டுப் போவார். அந்தக் கம்பியை வீட்டுக்கு வெளியிலேயே பிரித்து வெட்டி, கொக்கியில் நிறுத்திவிட்டு, இழையை மட்டும் உள்ளே விடச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் நேரடி இடிக்கு உத்தரவாதம் கிடையாது. கழற்றுவதே முதல் பாதுகாப்பு. மின்னலைக் கண்டு 30 எண்ணுவதற்குள் சத்தம் வந்தால் இடி 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அதன்பின் கேபிளில் கை வைக்காதீர்கள். புனேயில் இருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் (ஐ.ஐ.டி.எம்.) தாமினி செயலி சுற்றுவட்டார மின்னலை முன்கூட்டியே காட்டும். சித்திரை, வைகாசியில் மதியம் மூன்று மணிக்கு முன்பும், புரட்டாசி, ஐப்பசியில் படுக்கப் போகும் முன்பும் கழற்றிவிடுவது வழக்கமாகட்டும். கழற்றும்போது எல்லா ஆன்டெனா கேபிளும், பிறகு லேனும் ரோட்டேட்டர் வயரும், கடைசியில் கரண்ட் பிளக். ஆன்டெனாவை மட்டும் கழற்றிவிட்டுப் பிளக்கை விட்டுவைத்தால் போதாது என்பதை உங்கள் யூ.எஸ்.பி. போர்ட் காட்டிவிட்டது, பிளக்கையும் லேனையும் பிடுங்கியிருந்தால் அது பிழைத்திருக்கலாம். சுவிட்சை அணைத்தால் போதாது. அது ஃபேஸை மட்டும் வெட்டும், அதுவும் மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில். நியூட்ரலும் எர்த்தும் அப்படியே இருக்கும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை இறக்கினாலும் வயரிங்கில் உயிர் இருக்கும்.

கழற்றிய கேபிள் முனையை மேசைக்குப் பின்னால் போடாதீர்கள். அது தேடுவது தரையை. பக்கத்தில் ரேடியோவுக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்கே தாவும். கண்ணாடிப் பாட்டிலுக்குள் போட்டு வைக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்து வந்தது பாட்டில் கழுத்தில் நின்றுவிடாது. தட்டின் வெளிப்பக்கத்தில், உள் கம்பியும் வெளிச்சுற்றும் ஷார்ட் செய்த ஒரு சாக்கெட்டை வைத்து, கழற்றிய முனையை அதில் திருகிவிடுங்கள்.

இப்போது இருப்பதைச் சோதிக்கும் வரிசை. எஸ்.எம்.பி.எஸ்.ஸை ரேடியோ இல்லாமல் இயக்கி 13.8 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். கூடுதலாக வந்தால் மாட்டாதீர்கள். உள்ளே ஃபியூஸ் கண்ணாடி கறுத்திருந்தால் வேரிஸ்டரும் டயோடு பிரிட்ஜும் போயிருக்கும். ஃபியூஸை மட்டும் மாற்றினால் மறுபடி வெடிக்கும். பிறகு ரேடியோவை டம்மி லோடில் ஒவ்வொரு அலைவரிசையாக அனுப்பிப் பாருங்கள். பழுது பார்ப்பவரிடம் வி.எச்.எஃப். பின் டயோடுகளையும் முதல் டிரான்சிஸ்டரையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். பாதி அடிபட்ட டயோடு சில மாதம் ஓடிவிட்டு நிற்கும். கேபிளின் இரு முனைகளையும் கழற்றி மல்டிமீட்டர் வையுங்கள், எல்லையற்ற தடை காட்ட வேண்டும். காட்டினாலும் நம்பிவிடாதீர்கள்: உறையில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்திருக்கலாம். கேபிளை விரல்களுக்கிடையே விட்டு முழு நீளமும் தடவி வாருங்கள். மாஸ்ட் கிளாம்புக்கு அருகே சிறு கொப்புளம்போல் தட்டுப்பட்டால் அந்த இடத்தில்தான் அடுத்த மழையில் தண்ணீர் இறங்கும்.